பக்கம் பதினெட்டு

ஆகஸ்ட் விடுமுறை.
தருமபுரத்துப் பொதுநோக்கு மண்டபத்தின் தகரம்
ஒன்பது மணிக்கே வெடிக்கத் தொடங்கிவிடும், டிக், டிக்.
இருபத்தேழு பிள்ளைகள். ஒன்பது நாள்.
பத்து மணிக்குப் பணிசும் பிளேன்ரீயும்.
என்னிடம் ஒரு கைநூல்,
வவுனியாவில் மூன்று நாள் பயிற்சி,
தொண்டை கட்டிய குரல்.

சுவரில் ஆறு முகங்கள் ஒட்டியிருக்கிறோம்.
சந்தோசம், கவலை, கோபம், பயம், வெட்கம், அலுப்பு.
வந்ததும் அவரவர் பெயர்த்துண்டை
ஒரு முகத்தின் கீழே குத்த வேண்டும்.
யதுர்சன் நாலு நாளும் கோபத்தில்தான்.
ஏனப்பன் என்றால்
"அந்தச் சிவப்பு வடிவு ரீச்சர்."
நிவேதன் தன் பெயரை
யன்னல் கம்பியில் செருகிவிட்டு நின்றான்.
"இரவு ஆனை வந்தது. வாழை முழுக்கப் போச்சு.
அப்பா ஒண்டும் கதைக்கேல்லை.
அதுக்கு இதிலை முகம் இல்லை."
கைநூலைப் புரட்டினேன்.
இல்லைதான்.

நான்காம் நாள், பக்கம் பதினெட்டு:
நம்பிக்கை நடை.
இருவர் இருவராகச் சேர்க.
ஒருவர் கண்ணைக் கட்டுக, மற்றவர் கைபிடித்து நடத்துக.
ஐந்து நிமிடம்.
பின் வட்டமாக அமர்ந்து உணர்வுகளைப் பகிர்க.

பெடியன்கள் இழுத்துக்கொண்டு ஓடினார்கள்.
ஒருத்தன் தூணில் மோதினான்.
ஒருத்தியின் கால், வேண்டுமென்றே,
தண்ணீர் வாளிக்குள் விடப்பட்டது.
சிரிப்பு, அழுகை, கோள்மூட்டல்,
ஒரு செருப்பு எப்படியோ கூரைக்குப் போயிருந்தது.

கம்சிகா மட்டும் வாசற்படியைத் தாண்டவில்லை.
அவளுக்கு விழுந்த சோடி யதுர்சன்.
முந்தாநாள் அவளுடைய பென்சில் பெட்டியை மிதித்து உடைத்தவன்.
பழி வாங்கப் போகிறாள் என்று நினைத்து
நான் எழும்பினேன்.

அவள் முழந்தாளில் இருந்தாள்.
முன்னால் ஒரு முழம் நிலத்தைப் பார்த்தாள்.
சருகை விலக்கினாள். ஒரு போத்தல் ஓட்டை எடுத்தாள்,
கையால் தடவி, இன்னொருக்கால் தடவி,
கைவேலைக்கு வைத்திருந்த ஐஸ்பழத் தடியில்
இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று நட்டாள்.
"இப்ப வலக்கால். காணும். நில்."
அவன் நின்றான்.
தேசியகீதத்துக்கே நிற்காத பிள்ளை.

மண்டபத்திலிருந்து வேம்புக்கு
முப்பது அடி இருக்குமோ என்னவோ.
கச்சான் காற்று புழுதியை அள்ளி எறிந்தது.
ஐந்து நிமிடம் முடிந்தது. பத்து. இருபது.
மற்றப் பிள்ளைகள் ஒவ்வொருவராக
சண்டையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள்.
யாரும் அவளைத் தள்ளவில்லை.
தடி முடிந்தபோது
நிவேதன் ஈர்க்கு முறித்துக் கொடுத்தான்.

"ஆர் பிள்ளை காட்டித் தந்தது?"
"அம்மா வேலையில அப்பிடித்தான்."
நாலரைக்கு வாகனம் வரும். முகமாலைக்கு.
ஒரு நாளைக்கு ஒரு பாய் விரிக்கிற அளவு நிலம்.
"அவசரப்பட்டா வேலையால நிப்பாட்டிப் போடுவினம்."
சொல்லிவிட்டு
மறுபடியும் நிலத்துக்குக் குனிந்துவிட்டாள்.

நாற்பது நிமிடம்.
வேம்பைத் தொட்டதும் யதுர்சன் துணியை அவிழ்த்தான்.
நன்றியும் இல்லை, மன்னிப்பும் இல்லை.
திரும்பிப் பார்த்தான். வந்த வழியாலேயே,
கண் திறந்திருந்தும்,
தடிகளுக்கு நடுவால் மட்டும் நடந்து போனான்.

வட்டத்தில் கேட்டேன்,
எப்படி இருந்தது?
கன நேரம் யோசித்து,
"மெதுவா," என்றான்.

அறிக்கைப் படிவத்தில் ஒரு கட்டம்:
தாமதத்துக்கான காரணம்.
வெறுமையாக விட்டேன்.

மறுநாள் காலையிலும் அவன் பெயர்
கோபத்தில்தான் இருந்தது.
சிவப்பு இன்னும் வடிவாம்.

ஆனால் அன்று பின்னேரம்,
மற்றவர்கள் போய்விட்டார்கள்,
கூரையில் அந்தச் செருப்பு கிடந்தபடி கிடக்க,
கம்சிகாவின் அம்மா வேலை உடுப்போடு வந்தாள்.
சப்பாத்தில் வேறோர் ஊரின் மண்.
முற்றத்தில் இரண்டு வரிசைத் தடிகளைக் கண்டாள்.
எடுத்த கால்
அந்தரத்தில் நின்றது.

மண்டபத்துக்குள் இருந்து பிள்ளை கூப்பிட்டாள்:
"பாத்தாச்சு அம்மா.
வாங்கோ."